புன்னை நிழலும் வேங்கை நிழலும்: சிலப்பதிகாரக் கானற்காட்சி பற்றியதோர் ஆய்வு

1. ஆய்வின் தோற்றம்

நீலகிரி மாவட்டத்து முதுமலைக் காட்டினூடே, மோயாற்றங்கரையில் அமைந்தது தெப்பக்காடு. முதுகலை மாணாக்கர் சிலருடன் யாம் ஆண்டுச் சென்றிருந்த காலை, வேங்கை மரமொன்றின் அருகே சிறிது நேரம் நின்றோம். சிலப்பதிகாரம் பயின்றுவந்த மாணாக்கர் ஆதலின், கண்ணகி நின்ற வேங்கை நிழலைப் பற்றிப் பேச்செழுந்தது. அவருள் ஒருவர், "கோவலன் மாதவியைப் பிரிந்தது கடற்கரைப் புன்னையின் கீழ், கண்ணகி கணவனோடு விண்புக்கது மலைச்சாரல் வேங்கையின் கீழ். இவ்விரு நிழல்களும் தம்முள் இயைபுடையனவா? அன்றித் தற்செயலாய் அமைந்தனவா?" என வினவினார். நூலை மீண்டும் நோக்காது விடை கூறுதல் தகாது எனக் கருதி, யாம் அப்போது வாளா இருந்தோம்.

தெப்பக்காட்டில் நாம் காணும் மோயாறு பவானியிற் கலக்கின்றது. பவானி காவிரியிற் கலக்கின்றது. காவிரியோ பூம்புகாரிற் கடலொடு சேர்கின்றது. மலையையும் கடற்கானலையும் அந்நீர் இணைப்பது போலவே, மாணாக்கரின் வினாவும் வேங்கையினின்று தொடங்கி எம்மைப் புகாரின் புன்னைக்கு இட்டுச் சென்றது. அவ்வாராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

கடலாடு காதையையும் கானல்வரியையும் ஆராய்ந்த அறிஞர் பெரும்பாலும் மூன்று பொருள்களிலேயே கருத்தூன்றினர். ஒன்று, மாதவி ஆடிய பதினோராடலின் இயல்பு. மற்றொன்று, வரிப்பாட்டின் இசையிலக்கணம். பிறிதொன்று, பிரிவுக்குக் காரணம் ஊழோ, கோவலனது ஐயமோ என்னும் வினா. அப்பிரிவு நிகழ்ந்த இடத்தை நெய்தல் வருணனை என்ற அளவில் கூறி அப்பாற் சென்றோரே பலர். இளங்கோவடிகள் இடத்தை வாளா வருணிப்பவர் அல்லர். அவர் பாடும் சோலைகளில் புகுவார் யார், புகாதார் யார், மறைப்பது எது என்னும் வினாக்களை எழுப்பிக்கொண்டு பயிலின், காப்பியத்தின் அமைப்பே புதியதோர் ஒளியில் விளங்கும் என்பது எம் கருத்து.

2. கடலாட்டும் கானலும்

இந்திர விழா முடிந்தது. உவா நாள் வந்தது. ஊரார் கடலாடச் செல்லும் அவ்விளையாட்டைக் காண மாதவி விழைகின்றாள். கோவலன் அத்திரி என்னும் கோவேறு கழுதையில் ஏறுகின்றான்; மாதவி வையம் என்னும் வண்டியில் ஏறுகின்றாள். பொழுது புலராத வைகறையில் அங்காடித் தெருவைக் கடந்து இருவரும் கடற்கரை அடைகின்றனர். இற்றை நாளில் விடுமுறைக்குக் கடற்கரை செல்வார் செயலுக்கும் இதற்கும் ஊர்தி ஒன்றே வேறுபாடு.

ஆண்டு அடிகள் முதலிற் காட்டுவது விளக்குகளை. வண்ணமும் சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, பணிவினைக் கம்மியர் விளக்கு, பிட்டு விற்போர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, மரக்கலங்களை அழைக்கும் விளக்கு, வேற்று மொழியாளர் விளக்கு, பண்டம் காப்போர் விளக்கு என அவை விரிகின்றன. மாவினை ஒத்த நுண்மணலில் வெண்சிறுகடுகு விழுந்தாலும் கண்டெடுக்கலாம் என்னும் அளவிற்கு ஒளி பரந்திருந்ததாம். இவ்விளக்குகளுள் பெரும்பாலன உழைப்பவர் விளக்குகள் என்பதை நோக்குக. களிக்க வந்தார்க்கு ஒளி தருவது உழைப்பார் விளக்கே.

ஒளி நிறைந்த இம்மணற்பரப்பை அடுத்துத் தாழையை வேலியாக உடைய நெய்தற்கானல் அமைந்துள்ளது. அரசிளங்குமரரும் அவர்தம் உரிமைச் சுற்றமும், வணிகர்தம் மக்களும் ஆயமும், ஆடல் மகளிரும் பாடல் மகளிரும் ஆண்டுத் தனித்தனியே திரைச்சீலை வளைத்துக்கொண்டு தங்குகின்றனர். கரிகாலன் புதுப்புனலாடும் நாளை ஒத்த ஆரவாரம் அங்கு நிலவுகின்றது. அவற்றினிடையே புன்னை நிழலில், புதுமணலில், ஓவியம் எழுதிய எழினியைச் சுற்றிலும் வளைத்து, விதானம் அமைத்து, வெண்கால் அமளியில் மாதவியும் கோவலனும் அமர்கின்றனர்.

பட்டினப்பாலையில் இக்கரையின் மற்றொரு விடுமுறை பேசப்படுகின்றது. உவா நாளில் பரதவர் கடல்மேற் செல்வதில்லை. சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, தாழைமலர் சூடி, கள்ளுண்டு, தம் பெண்டிரொடு மணலில் ஆடி மகிழ்கின்றனர். கடலாடி உப்புப் படிந்த மேனியை ஆற்றுநீரிற் கழுவிக்கொள்ளுதலும், நண்டினை அலைத்து ஆடுதலும், மணற்பாவை செய்தலும் அவ்வாடலில் அடங்கும். உருத்திரங்கண்ணனார் காட்டும் இவ்விடுமுறையில் எழினி இல்லை. எவரையும் எவரும் மறைக்கவில்லை. இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பார்க்கு அடிகள் புதிதாய்க் கொணர்ந்தது எதுவெனப் புலனாகும். அஃது எழினியே. தாழை வேலியன்றி வேறு காவல் இல்லாத கானலில், செல்வர் தாம் சென்ற இடமெல்லாம் துணியால் மதில் எடுத்துக்கொள்கின்றனர்.

3. புன்னையின் மரபு

புன்னை வெறும் நிழல்மரமன்று. அகமரபில் அதற்கொரு தகுதி உண்டு. நற்றிணை 172-ஆம் பாட்டில், விளையாட்டாக மணலில் அழுத்திய காய் முளைத்துப் புன்னையாக வளர்கின்றது. நெய்யும் பாலும் பெய்து அதனைப் பேணிய மகளிரிடம், "இஃது உங்கட்குத் தங்கை, உங்களினும் சிறந்தது" என அன்னை கூறியிருக்கின்றாள். ஆகவே அம்மரத்தின் கீழ்த் தலைவனோடு நகையாட நாணுவதாகவும், தங்குதற்கு வேறு நிழல்கள் உண்டு என்பதாகவும் தோழி மொழிகின்றாள். புன்னை ஆண்டு உறவினள், கண்டுநிற்கும் சான்று, களவை வரைவின்பாற் செலுத்தும் ஆற்றல்.

இம்மரபை அறிந்த புலவர் புன்னையின் கீழ் அமளியை இடுகின்றார். நாணி நிற்றற்குரிய நிழல் ஈண்டு நாணமின்றித் துய்க்கும் நிழலாயிற்று. புன்னைக்குரிய சான்றுத்தன்மையை ஓவிய எழினி மறைத்துவிட்டது. வெளியார் எவரும் காணா அவ்விடத்தில், ஒருவர் பாட்டை மற்றவர் தவறாகக் கேட்கின்றார். மாதவி யாழைத் திருத்தித் தர, கோவலன் காவிரியையும் கானலையும் பொருளாக வைத்துப் பாடுகின்றான். அதில் வேறு குறிப்பு உண்டெனக் கருதிய மாதவி தானும் வேறு குறிப்புடையாள் போலப் பாடுகின்றாள். அதனை மெய்யெனக் கொண்ட கோவலன் பிரிந்தெழுகின்றான். ஊழ் யாழைச் சார்பாகக் கொண்டு வந்தது என்று அடிகளே கூறுகின்றார். மாதவி தனியளாய் வையம் ஏறி மனை புகுகின்றாள்.

பின்னர் நிகழ்வது இன்னும் கருதற்பாலது. வேனிற்காதையில் மாதவி எழுதும் முதல் மடல் தாழம்பூவின் வெண்தோட்டில் எழுதப்படுகின்றது. எழுதுகோல் பித்திகை அரும்பு. மை செம்பஞ்சுக் குழம்பு. கானலுக்கு எத்தாழை வேலியாயிற்றோ அதன் மலரே ஈண்டுத் தூதாகின்றது. வசந்தமாலை கொணர்ந்த அம்மடலைக் கோவலன் ஏலாது மறுக்கின்றான்.

4. சாத்தனார் கூறும் சோலைகள்

இக்கருத்தினை மணிமேகலையும் வலியுறுத்தும். மலர்வனம் புக்க காதையில், தந்தையின் இறப்பைக் கேட்டு மணிமேகலை சிந்திய கண்ணீர் தொடுத்த மாலையை நனைக்க, புதுமலர் கொணர மாதவி அவளை ஏவுகின்றாள். அதுவும் இந்திர விழாக் காலமே. எச்சோலைக்குச் செல்வது என்பது பற்றிச் சுதமதி கூறும் உரை, புகார்ச் சோலைகளின் தனித்தனி இயல்பை அறிவிப்பது. இலவந்திகையின் மதிற்புறம் சென்றால் அரசனுழையோர் இருப்பர். உய்யானமோ விழா நாளில் வானவர்க்கு உரியது. பாசக்கையுடைய பூதம் காப்பது. சம்பாதிவனமும் கவேரவனமும் அணங்குடையன. எஞ்சியது உவவனம் ஒன்றே. ஆண்டுப் புத்தர் பாதபீடிகை உளது, அதன்கண் இட்ட அரும்பு மலரும், மலர்ந்தது வாடாது.

புகாரின் சோலைகளுள் அரசு, தெய்வம், அணங்கு ஆகியவற்றின் காவல் இல்லாத சோலை அரிது என்பதனைச் சாத்தனார் எவ்வளவு தெளிவாகக் கூறுகின்றார்! அவ்வுவவனத்திலும் மணிமேகலை முழுக் காவல் பெற்றாளில்லை. உதயகுமரன் வருதலறிந்து பளிக்கறை மண்டபத்தினுள் அவள் புகுகின்றாள். அம்மண்டபம் அகத்தார் குரலைப் புறத்தே விடாது; ஆயின் உருவத்தைப் புறத்தே காட்டும்.

இதனைக் கானலின் எழினியோடு ஒப்பிட்டு நோக்குவாம். எழினி உருவை மறைத்துக் குரலைப் புறம்விட்டது. பளிங்கு குரலை மறைத்து உருவைப் புறம்விட்டது. தாய்க்குத் துன்பம் குரலால் வந்தது. மகட்குத் துன்பம் உருவால் வந்தது. சாத்தனார் இளங்கோவை எண்ணியே இதனை அமைத்தார் என்று துணிந்து கூறற்கு நேர்ச்சான்று இல்லை. ஆயின் இரு காப்பியங்களும் ஒரு கதையின் இரு கூறுகள் ஆதலின், தாய் சென்ற சோலையும் மகள் சென்ற சோலையும் ஒன்றற்கொன்று மறுதலையாய் அமைந்தமை ஆய்வாளர் கருத்திற் கொள்ளத்தக்கது.

5. கண்ணகி புகாத கானல்

கண்ணகிக்கும் அக்கானலுக்கும் உள்ள தொடர்பை இனி ஆராய்வாம். கனாத்திறம் உரைத்த காதையில் தேவந்தி அவளுக்கு ஒரு வழி கூறுகின்றாள். காவிரி கடலொடு கலக்கும் நெய்தற்கானலில் சோமகுண்டம், சூரியகுண்டம் என இரு பொய்கைகள் உள. அவற்றில் ஆடிக் காமவேள் கோட்டம் தொழுத மகளிர் கணவரோடு இன்புறுவர். நாமும் ஒருநாள் ஆடுவோம் என்பது அவள் அழைப்பு. கண்ணகியின் விடை மிகச் சுருங்கியது. அது பெருமையன்று என்னும் அளவே அவள் மொழிவது. அந்நிலையிலேயே கோவலன் வாயிலில் வருகின்றான்.

கற்பின் திண்மையைக் காட்டும் விடை இஃது எனப் பலரும் கூறியுள்ளனர். அக்கூற்று மெய்யே. எனினும் அடிகள் அமைத்த இடஇயைபை விடுத்தால் பொருள் குறைபடும். மாதவி சென்று கணவனை இழந்த கானல் எதுவோ, அதே கரைக்குக் கணவனைப் பெறும்பொருட்டுக் கண்ணகி அழைக்கப்படுகின்றாள். சென்றவள் இழந்தாள், செல்லாதவள் பெற்றாள். இம்முரணைக் காட்டுதற்கென்றே இரண்டு கானல்களும் அடுத்தடுத்து வைக்கப்பட்டன எனலாம்.

நாடுகாண் காதையில் இருவரும் மதுரை நோக்கிப் புறப்படுவதும் ஒரு வைகறையே. கடலாடச் சென்ற வைகறையில் எண்ணிறந்த விளக்குகள் இருந்தன. இவ்வைகறையிலோ திங்களும் நீங்கிவிட்டது. அன்று அத்திரியும் வையமும், இன்று கால்நடை. தென்றலை வேனில் அரசனுக்குத் திறையாகச் செலுத்தும் இலவந்திகைச் சோலையின் மதிற்புறமாக அவ்விருவரும் நடந்து செல்கின்றனர். கணவன் துய்த்த கானலுட் புகாத கண்ணகி, அரசன் துய்க்கும் சோலையின் உள்ளும் புகாது மதிலைச் சார்ந்து செல்கின்றாள். காப்பியத்தில் அவள் முதன்முதலாக ஒரு சோலையை அணுகுவது இவ்விடத்தில்தான். அவள் கண்டதோ மதில்.

காவிரியின் தென்கரையில் ஒரு பொழிலில் அவர்கள் தங்குங்கால், வம்பப் பரத்தையும் வறுமொழியாளனும் வந்து இழிமொழி கூறுகின்றனர். கவுந்தியடிகள் சாபத்தால் முட்காட்டு நரிகளாகின்றனர். அவள் இருந்த பொழிலும் அவளுக்கு அமைதி தந்திலது.

6. மலைகாண் விழைவும் வேங்கையும்

கட்டுரை காதையின் இறுதியில் கண்ணகி நெடுவேள் குன்றம் ஏறிப் பூத்த வேங்கையின் கீழ் நின்று, தன்னைத் தீத்தொழில் புரிந்தவளாகக் கூறி ஏங்குகின்றாள். பதினான்கு நாள் கழிந்தபின் கோவலனொடு வானவூர்தி ஏறுகின்றாள். அவ்வேங்கைக்கு மதில் இல்லை, எழினி இல்லை, விதானம் இல்லை. அரசனுழையோரும் பூதமும் ஆண்டு இல்லை. அதன் நிழலில் நின்றவளைக் கண்டவர் குன்றக்குறவர். அவர்கள் அவளை விலக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை, யார் என வினவினர், தெய்வம் எனத் தொழுதனர், குரவையாடினர்.

வேங்கை மலர்ச்சி மணக்காலத்தை அறிவிப்பது குறிஞ்சி மரபு. வெட்டுண்ட இடத்தில் குருதி போலச் செந்நிறப் பிசின் கசிவதும் அம்மரத்தின் இயல்பு. கணவனை இழந்தாள் ஒருத்தி மணமரத்தின் கீழ் நிற்றல் முதலில் முரணாகத் தோன்றும். அந்நிழலிலேயே அவள் கணவனை மீளப் பெறுதலின் அம்முரண் நீங்குகின்றது.

தொல்காப்பியர் நெறிப்படி நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். அகப்பாட்டில் காதல் பெரும்பாலும் குறிஞ்சியிற் பிறந்து, பிரிவால் நெய்தலின் இரங்கலை எய்தும். இளங்கோவடிகள் இதனைத் தலைகீழாக்கினார். அவர் கதையில் முறிவு நெய்தற்கானலில் நேர்கின்றது; இரங்கல் மதுரை வரை தொடர்கின்றது; புணர்ச்சி குறிஞ்சியில் முடிகின்றது. புன்னையும் வேங்கையும் இம்மாற்றத்தின் இரு முனைகள்.

காட்சிக் காதையும் இதற்கு அரண் செய்கின்றது. இலவந்தி வெள்ளிமாடத்தில் வேண்மாளொடு இருந்த செங்குட்டுவன், முகில் சூழ்ந்த சோலை மலையைக் காண்போம் எனப் புறப்படுகின்றான். பேரியாற்று மணற்கரையில் தங்குகின்றான். கடலாட விழைந்த மாதவியின் விருப்பம் போன்றதே மலைகாண விழைந்த இவ்விருப்பமும். ஆண்டும் மணல், ஈண்டும் மணல். ஆயின் கானலில் செல்வர் தம்மைத் திரையிட்டு மறைத்தனர். பேரியாற்றங்கரையில் குறவர் நேரே அரசன்முன் வருகின்றனர். யானைக்கோடு, அகில், தேன், சந்தனம் முதலியவற்றுடன் புலிக்குட்டியும் யானைக்கன்றும் கொணர்கின்றனர். வேங்கை நிழலில் தாம் கண்டதனைக் கூறுகின்றனர். கடற்கரை விளையாட்டு ஒரு குடும்பத்தின் முறிவாயிற்று. மலைகாண் விளையாட்டு ஒரு கோட்டத்தின் தோற்றுவாயாயிற்று.

7. தடையும் விடையும்

முதல் தடை: கண்ணகி மறுத்தது காமவேள் வழிபாட்டையே, கானலை அன்று. இது தகுந்த தடையே. கண்ணகி கானலை வெறுத்தாள் என்பது எம் கருத்தன்று. அவள் மறுப்பின் பொருள் வழிபாடு பற்றியது. அம்மறுப்பின் இடம் கானல் என்பது மட்டுமே யாம் கூறுவது. பொருளை மாந்தர் வாயிலாகவும், இடத்தைத் தம் அமைப்பின் வாயிலாகவும் உணர்த்துதல் அடிகளின் இயல்பு.

இரண்டாம் தடை: வஞ்சிக் காண்டத்தின் தொன்மையை ஐயுறுவோர் உளர் ஆதலின், அதனைக் கொண்டு நூலமைப்பைத் துணிதல் கூடாது என்பது. வஞ்சிக் காண்டத்தை விலக்கினும் எம் முடிவு கெடாது. பூத்த வேங்கையும் கண்ணகியின் ஏக்கமும் மதுரைக் காண்டத்தின் இறுதியிலேயே உள்ளன. பதிகத்திலும் பொன்போலும் பூவினையுடைய வேங்கை நிழல் பேசப்படுகின்றது.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. தெப்பக்காட்டிற்கு அண்மையிலுள்ள கூடலூர் நீலகிரிக் கூடலூர். கண்ணகி கோட்டம் எனப் பலரும் கொள்ளும் மங்கலதேவி கோயிலுக்கு அணித்தாயதோ தேனி மாவட்டத்துக் கூடலூர். பெயரொற்றுமை கொண்டு இரண்டையும் ஒன்றாக மயங்குதல் கூடாது. நெடுவேள் குன்றம் எது என்னும் வழக்கில் இக்கட்டுரை புகவில்லை. தெப்பக்காட்டு வேங்கை எமக்கு வினாவைத் தந்தது. அதனை வரலாற்றுச் சான்றாக யாம் காட்டவில்லை.

8. முடிவுரை

பூம்புகாரில் 1960-களில் நிகழ்ந்த அகழாய்வுகள் செங்கல்லாலான படகுத்துறையையும் பௌத்த விகாரத்தையும் வெளிக்கொணர்ந்தன. 1973-இல் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் மக்கள் இன்றும் காவிரி கடலொடு கலக்கும் துறையில் நீராடுகின்றனர். முதுமலையோ 1940-இல் விலங்குப் புகலிடமாகவும் 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. தெப்பக்காட்டு முகாமில் தாயைப் பிரிந்த யானைக்கன்றுகளை மலைவாழ் மக்கள் பேணி வளர்த்தலை, 2023-இல் ஆசுகர் விருது பெற்ற ஆவணப்படத்தால் உலகம் அறிந்தது. அக்காட்டினுள் ஊர்தியிற் செல்லும் விருந்தினர் கீழிறங்குதற்கு இசைவு இல்லை. இலவந்திகை மதில் அரசனது இன்பத்தைக் காத்தது; இக்காவல் காட்டுயிர்களைக் காக்கின்றது. காவல் எனும் சொல் ஒன்றாயினும் பயன் வேறு. சோலையைக் கண்டவிடத்து அதன் அழகை மட்டும் வியவாது, அது யாருக்காகக் காக்கப்படுகின்றது என வினவுதலையும் இளங்கோவடிகளிடம் நாம் கற்கலாம்.

மாணாக்கரின் வினாவிற்கு எம் விடை இது: புன்னை நிழலும் வேங்கை நிழலும் இயைபுடையன. மறைப்புண்ட நிழலில் முறிந்த இல்வாழ்க்கை, மறைப்பில்லா நிழலில் நிறைவுற்றது. இடையே நின்ற இலவந்திகை மதில், கண்ணகி இரண்டிற்கும் நடுவே நடந்த வழியைக் காட்டுகின்றது. இம்முறையே சீவக சிந்தாமணியின் வேனில் விளையாட்டுச் சோலையை ஆராயின், குணமாலையும் சுரமஞ்சரியும் சுண்ணம் பற்றிக் கொண்ட மாறுபாட்டிற்கும் இடத்திற்கும் உள்ள தொடர்பு விளங்கக்கூடும். இளம் ஆய்வாளர் அதனை மேற்கொள்வார்களாக.